ரொட்டித் துண்டால் அழித்தவை

அன்புள்ள மகனுக்கு,

உன் இன்லண்ட் லெட்டர் வந்து சேர்ந்தது. கும்மிடிப்பூண்டிக்கே வந்துவிடு, குவார்ட்டர்ஸில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது, புத்தக அலமாரியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, இடம் மிச்சமிருக்கிறதே என்று எழுதியதுபோல, "இப்போது என்னம்மா படிக்கிறாய்?" என்று ஒரு வரி. வருவதா இல்லையா என்பதைப் பிறகு சொல்கிறேன். கடைசி வரிக்குப் பதில் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. ஒரு வரிக்கு இத்தனை தாளா என்று நீ அலுத்துக்கொள்ளலாம். என்னிடம் புத்தகத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுச் சீக்கிரம் தப்பித்தவர்கள் இந்தத் திருவள்ளூரில் யாருமில்லை என்பது உனக்குத் தெரியாததல்ல.

உன் அப்பா போன பிறகு நூலகத்துக்கு நானேதான் போகிறேன். இத்தனை வருஷமும் அந்தப் படியை நான் மிதித்ததில்லை. பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தினசரி படிக்கிற ஆண்களுக்கு நடுவே நான் எதற்குப் போய் நிற்க வேண்டும் என்று இருந்தேன். வேண்டிய புத்தகத்தை நான் சொல்வேன், அவர் வேலை முடிந்து வருகிற வழியில் எடுத்து, சில நாள் தம் பையிலேயே வைத்திருந்துவிட்டுத் தருவார், அடுத்த வாரம் திருப்பிக் கொடுப்பார். இப்போது நான் உள்ளே நுழைந்தால் பெஞ்சிலிருந்து கால்கள் இறங்குகின்றன. அந்த மட்டில் அந்த நூலகத்துக்கு நல்லது.

படித்ததில் முதலாவது, இரண்டு பாகமாக வந்த ஒரு நாவல். ஒரு பெரிய வீடு, மூன்று மருமகள்கள், முதல் பாகம் முழுக்க ஓர் அட்டிகைக்காகச் சண்டை. எழுதியவருக்குப் பெண்கள் சண்டை போடுவது தெரிந்திருக்கிறது, ஒரு சண்டை எப்படி ஓயும் என்பது தெரியவில்லை. இரண்டாம் பாகத்தின் நடுவில் மூத்த மருமகளைப் பாம்பு கடித்துவிடுகிறது. எல்லாரும் அழுது ஒன்றாகிவிடுகிறார்கள். முடிவு தெரியாத எழுத்தாளருக்குப் பாம்பைவிட வசதியான உறவு கிடையாது. அடுத்தது தொழிற்சாலையைப் பற்றிய நாவல். நீ அங்கே இருக்கிறாயே என்று ஆசையாக எடுத்தேன். சங்கு ஊதினால் எல்லாரும் நியாயம் பேசுகிறார்கள், ஒருத்தரும் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பதில்லை. ஷிப்ட் முடிந்து வந்தால் நீ எப்படி எதுவும் பேசாமல் முகம் கழுவுவாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தில் யாருமே முகம் கழுவவில்லை. பாதியிலேயே மூடிவிட்டேன்.

மூன்றாவது, ஓய்வு பெற்ற காட்டிலாகா அதிகாரி ஒருவருடைய வாழ்க்கை நினைவுகள். நல்ல தமிழ், சுத்தமான வாக்கியங்கள், குறை சொல்ல இடமில்லை. தாம் வளர்த்த ஒவ்வொரு நாயின் பெயரையும் எழுதியிருக்கிறார். எந்த நாய் எந்தப் பங்களாவில் செத்தது என்றுகூட இருக்கிறது. மனைவிக்குப் பெயர் இல்லை. கல்யாணத்தில் ஒரு முறை வருகிறாள், காய்ச்சலில் ஒரு முறை, சாவில் ஒரு முறை. போன வருஷம் படித்திருந்தால், பார்த்தீர்களா இந்த மனிதரை என்று உன் அப்பாவிடம் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன், அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டிருப்பார். இந்த முறை புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, என் வாழ்க்கையை நான் எழுதினால் உன் அப்பா எத்தனை இடத்தில் வருவார் என்று யோசித்தேன். அவர் பேசிய பேச்சு என்று எனக்கு நினைவிருப்பது மிகக் கொஞ்சம். அதற்குக் காரணம் உனக்குத் தெரியும், நீயும் அதே வீட்டில்தான் வளர்ந்தாய். ஊத்துக்கோட்டைப் பேச்சு அவருக்கு. அவர் "இன்னா" என்றால் நான் "என்ன" என்பேன். அவர் "ஊடு" என்றால் நான் "வீடு" என்பேன். உன்னை "நைனா" என்று கூப்பிட்டால், பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்கிறோமே என்பேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் என்னை வளர்த்த விதம் அப்படி. தப்பாகச் சொன்னதைச் சரியாகச் சொல்லிக்காட்டுவதைத்தான் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சண்டை போடவில்லை. சொல்ல வந்ததைச் சுருக்கிக்கொண்டார். பிறகு அதையும் விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகள் உனக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்து நூலகப் புத்தகங்களைக் கையால் தொட முடியாது. ஓரமெல்லாம் பென்சில். "கதாநாயகனை உதைக்க வேண்டும்", "இவள் ஏமாற்றுகிறாள், நம்பாதே" என்று ஊரில் உள்ள ஒவ்வொருத்தரும் தீர்ப்பு எழுதியிருப்பார்கள். கடைசிப் பக்கத்தில் "சுமார்" என்று மதிப்பெண் வேறு. அடுத்தவர் எச்சில் தட்டில் சாப்பிடுவதுபோல் இருக்கும் எனக்கு. அதனால் நான் தொடுவதற்கு முன்னால் நீ அழித்துத் தர வேண்டும் என்று ஏற்பாடு. ரப்பர் தாளைத் தின்றுவிடும். மடத்தில் சகோதரி சொல்லிக்கொடுத்தபடி ரொட்டியின் நடுப்பகுதியைப் பிய்த்து, உருட்டி, மெதுவாக ஒற்றித் தேய்க்க வேண்டும். எட்டு வயதிலேயே அதில் உனக்குக் கை வந்துவிட்டது. நீ தரையில் உட்கார்ந்து தேய்ப்பாய், உன் அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருப்பார். "நைனா, நல்லா தேயி. உங்கம்மா கண்ணுல பட்டா ஊடு ரெண்டாயிடும்," என்பார். "வீடு," என்பேன் நான். பேப்பருக்குப் பின்னால் இருமல் கேட்கும்.

அந்தப் புத்தகங்களில் கரித்தூளும் இருக்கும். திருப்பத் திருப்ப விரல் கறுத்துவிடும். எந்தக் கரிமூட்டைக்காரன் படிக்கிறானோ என்று நான் திட்டாத வாரமில்லை. நூலகத்துக்கு எழுதிக்கூடப் போட்டேன், உன் அப்பாவே அதை எடுத்துப்போய்க் கொடுத்தார். தினமும் ஆவடிக்கு ரயிலில் போய் வருகிறவர், ஜன்னலோரம் உட்கார்கிறவர், என்ஜின் கரி சட்டைக் காலரில் படிந்து வருகிறவர். அந்தச் சட்டையைத் துவைத்த எனக்கு அந்தப் புத்தகத்தின் கரி எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அவர் படிக்கிறவர் என்றே நான் நினைத்ததில்லை, அதுதான் விஷயம்.

இப்போது, நான் எழுத வந்த புத்தகம். ரங்கூனிலிருந்து யுத்த காலத்தில் நடந்தே வந்த ஒரு பெண், பிற்பாடு ஒரு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மெஸ் நடத்தியவள், தன் கதையைச் சொல்லச் சொல்ல அவள் மகள் எழுதியது. நீ கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போவதற்கு முந்தின வருஷம் என்று நினைக்கிறேன், உன் அப்பா அதைத் தாமாகவே எடுத்துவந்தார். நான் சொல்லாத புத்தகத்தை அவர் எடுத்துவந்தது அந்த ஒரு முறைதான். முதல் பக்கத்தில் "எனக்குப் படிப்பு கிடையாது" என்று ஆரம்பித்திருந்தது. படிக்காதவள் எழுதியதை நான் எதற்குப் படிக்க வேண்டும் என்று அப்படியே அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். "சர்தான்," என்றார். "சரிதான்," என்றேன். மறுநாள் காலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நடுவில் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதனால் அது உன் கைக்கு வரவே இல்லை.

நூலகத்தில் முனிரத்தினம் என்று ஓர் உதவியாளர் இருக்கிறான், புத்தகத்தை அடுக்குகிறவன். போன மாதம் நான் அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் வந்தான்.

"இன்னாம்மா, ஒண்ணும் புடிக்கலியா?"

"பாம்பு கடிக்காத நாவல் ஏதாவது இருக்கிறதா?"

"கதைப் பொஸ்தகம் பேஜாரும்மா. இத்தப் பாருங்க, நெசக் கதை. ஐயா ரெண்டு தபா எடுத்துனு போனாரு இத்த."

"எந்த ஐயா?"

"இன்னாம்மா நீங்க, நம்ம ஐயாதான். உங்களுக்கு ஒரு தபா எடுத்தாரு. அப்பறம் ரெண்டு மாசம் கழிச்சி வந்து, இது எனக்கு, முனிரத்தினம்னு சொல்லி வாங்கினு போனாரு."

வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தேன். ஓரத்தில் பென்சில் தெரிந்ததும் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகுதான் அந்த எழுத்து உறைத்தது. பால் கணக்கிலும் ரேஷன் கார்டிலும் இருபத்தைந்து வருஷம் பார்த்த எழுத்து. ரங்கூன் கடைத்தெருவில் அந்தப் பெண் மீன்காரியிடம் பர்மாப் பேச்சுப் பேசி மாட்டிக்கொள்கிற இடத்தில், "திருநின்றவூர் வரிக்கும் சிரிச்சினே வந்தேன். எதிர்ல குந்தினு இருந்த ஆளு மொறைச்சான்" என்று எழுதியிருந்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று அறையைச் சுற்றிப் பார்த்தேன்.

அவர்கள் காட்டு வழியில் நடக்கத் தொடங்குகிறார்கள். எல்லாரும் மூட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு வருகிறார்கள். அவள் கணவன் மட்டும் அவளுடைய தையல் மிஷினின் தலைப்பாகத்தைத் துணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான். ஏன் என்று அவன் சொல்வதில்லை, அவள் கேட்பதுமில்லை. அந்த ஓரத்தில்: "இவ புருசன் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறான். ஆனா மிஷினத் தூக்கினு வரான் பாரு." கடைசியில் அந்த "பாரு". நூலகத்துக்கு வருகிற எவரையும் பார்த்துச் சொன்னதல்ல அது. அடுத்து அந்தப் புத்தகத்தை யார் திறப்பார்கள் என்று அவருக்குத் தெரியும், அவர்தானே கொண்டுவந்து கொடுக்கப் போகிறவர்.

இன்னும் கொஞ்சம் தள்ளி, ஓர் அத்தியாயத்தின் கடைசிக்கு முன் பக்கத்தில், அடியில்: "இங்க நிறுத்திட்டு ஒரு காபி குடி. அடுத்த பக்கம் கஷ்டம்." நான் நிறுத்தவில்லை. திருப்பினேன். அந்த மனிதன் ஓர் ஓடைக் கரையில் மிஷினை இறக்கி வைத்துவிட்டுப் படுக்கிறான், எழுந்திருக்கவில்லை. அவள் அதைத் தானே தோளில் எடுத்துக்கொண்டு நடக்கிறாள். கஷ்டம்தான். அவர் சொன்னபடி நான் காபி குடித்திருக்க வேண்டும்.

புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில், ஊரார் மதிப்பெண் போடுகிற இடத்தில், "உனக்குப் புடிக்கும்னு நெனச்சேன். புடிக்கலைன்னா பரவால்ல, வேற எடுத்தாரேன்" என்று இருந்தது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நான் படித்ததிலேயே நேர்மையான சுயசரிதை அதுதான். இலக்கணம் ஆங்காங்கே தடுமாறுகிறது, ஓர் ஊரின் பெயர் இரண்டு விதமாக வருகிறது. அதையெல்லாம் கவனித்தேன், கவனிக்காமல் இருக்க என்னால் முடியாது. ஆனால் அவள் கணவன் அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறான். செத்த பிறகும் இருக்கிறான். மெஸ்ஸில் உலை வைக்கும்போதுகூட அவனை எதிரில் உட்காரவைத்துத்தான் எழுதியிருக்கிறாள். படிப்பில்லாதவளுக்கு அது முடிந்திருக்கிறது.

தவணை முடிந்ததும் ஒரு முறை நீட்டித்து வாங்கினேன். மறுபடி போனபோது வேறொருவர் கேட்டு வைத்திருப்பதாக முனிரத்தினம் சொன்னான். நூலகத்துப் புத்தகத்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். இதில் என் கணவர் எழுதியிருக்கிறார் என்று அவனிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷம் பென்சில்காரர்களை நான் திட்டிய திட்டு உன் அப்பா வழியாக அவனுக்குத் தெரியும். கேட்டவர் படித்துவிட்டுத் தரட்டும், அடுத்து நானே எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

போன வாரம் போனேன். என்னைக் கண்டதும் முனிரத்தினம் அதைத் தனியாக எடுத்து வைத்த இடத்திலிருந்து கொண்டுவந்தான். முகமெல்லாம் மலர்ச்சி.

"அம்மா, நீங்க மறுபடி கேட்டீங்கன்னு எடுத்து வெச்சேன். அல்லாப் பக்கமும் எவனோ கிறுக்கி வெச்சிருந்தாம்மா. உங்களுக்குத்தான் ஆவாதே, அதான் ரெண்டு நாளா குந்தினு சுத்தமா தொடச்சிட்டேன். ஐயா சொல்லிக் குடுத்தாப்லியே, ரொட்டித் துண்டு வெச்சி. தாளு ஒரு இம்மி கிழியல, பாருங்க."

பார்த்தேன். நன்றாகத்தான் செய்திருந்தான். தையல் இடுக்கில் மட்டும் ரொட்டித் தூள் கொஞ்சம் இருந்தது. "நல்ல காரியம் செய்தாய், முனிரத்தினம்," என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், நீயே சொல். அவன் செய்தது எல்லாம் நான் வேண்டும் என்று கேட்டதுதான். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கங்களை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். உன் அப்பா பென்சிலை அழுத்தி எழுதுகிறவர் இல்லை.

அந்த நாலு குறிப்பும் எனக்கு மனப்பாடம். உனக்கு மேலே எழுதிவிட்டேன், ஓர் எழுத்தும் மாற்றவில்லை. ஆனால் அந்த ஒரு புத்தகம் போக மற்றவை எல்லாம் உன் கையைத் தாண்டித்தான் எனக்கு வந்தன. கரி படிந்த அந்தப் புத்தகங்களிலும் அவர் எழுதாமல் இருந்திருக்க மாட்டார். நீ ரொட்டியை உருட்டிக்கொண்டு எத்தனை ஞாயிறு உட்கார்ந்திருப்பாய். உன் அப்பாவின் எழுத்து உனக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை. அவர் சொல்ல வேண்டாம் என்றாரா, இல்லை என்னிடம் சொன்னால் அதையும் திருத்துவேன் என்று பயந்தாயா, எதுவானாலும் அது உங்கள் இருவருக்குள் இருக்கட்டும். எனக்குப் புரியாதது ஒன்றுதான். எதிரிலேயே உட்கார்ந்து அழிபடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திங்கட்கிழமை ரயிலேறி மறுபடியும் எனக்கு எழுதியிருக்கிறார். நீ ஏதாவது ஒன்றை அழிக்காமல் விட்டுவிடுவாய் என்று எதிர்பார்த்தாரா? இல்லை, நாளாக நாளாக, படிக்கிற உனக்கே எழுதத் தொடங்கிவிட்டாரா? அப்படியானாலும் எனக்கு வருத்தமில்லை. யாராவது ஒருவரிடம் அவர் பேசியிருக்கிறார் என்றால் போதும்.

இதற்கு நடுவே உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். போன முறை நான் அங்கே வந்திருந்தபோது, சாப்பாட்டு நேரத்தில் மருமகள் பழவேற்காட்டு மீனைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நீ குனிந்த தலை நிமிராமல், "அப்படி இல்லை, இப்படி," என்றாய். சின்ன விஷயம்தான். அவள் சிரித்துவிட்டுக் கரண்டியை வைத்தாள், சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. எனக்கு அப்போது பெருமையாக இருந்தது, பிள்ளை சரியாகப் பேசுகிறானே என்று. இப்போது அந்தக் கரண்டி வைத்த சத்தம்தான் காதில் இருக்கிறது. அவளிடம் போய், அன்றைக்கு அந்த மீனைப் பற்றி என்ன சொல்ல வந்தாய் என்று கேள். முடிகிற வரை கேள். தப்பாகவே இருந்தாலும் இருக்கட்டும்.

கும்மிடிப்பூண்டிக்கு நான் வருவதைப் பற்றி: அலமாரியை யாருக்கு வேண்டுமானாலும் கொடு. அதில் இருப்பது எல்லாம் சுத்தமான புத்தகங்கள், ஓரத்தில் ஒரு சொல் கிடையாது. ஆனால் நான் அங்கே வருவதற்கு முன்னால் நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வர வேண்டும். ஊத்துக்கோட்டை வழியாக பஸ் இருக்கிறது, காலையில் புறப்பட்டால் சாப்பாட்டுக்கு முன் வந்துவிடலாம். உன் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்துகொள். நினைவிருப்பதைச் சொல். ஒருநாள் நீ தேய்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்து விழுந்து சிரித்தாய், கையில் இருந்த ரொட்டியெல்லாம் தரையில் உதிர்ந்தது. என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா" என்றாய். அவர் பேப்பரை இன்னும் உயரத் தூக்கிக்கொண்டார். அதிலிருந்து ஆரம்பி. அன்றைக்கு அவர் என்ன எழுதியிருந்தார்?

அவர் எழுதியபடியே சொல். "இன்னா" என்றால் "இன்னா" என்றே சொல், "ஊடு" என்றால் "ஊடு" என்றே சொல். பாதி மறந்திருந்தால் பாதியைச் சொல். நான் ஒரு சொல்லையும் திருத்த மாட்டேன். கஷ்டமான இடம் ஏதாவது வருகிறது என்றால் மட்டும் எனக்கு முன்னாலேயே சொல்லிவிடு. இந்த முறை நான் நிறுத்திவிட்டு, எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்கிறேன்.

அம்மா